பக்கத்து ஆலை என்ன விடுகிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய நிறுவனம் ஒன்றின் சுற்றுச்சூழல் அறிக்கையைப் படிக்க உட்கார்ந்தேன். நூறு பக்கத்துக்கு மேல். மரக்கன்று நடும் படங்கள், தலைவரின் கடிதம், பச்சை நிற வரைபடங்கள் எல்லாம் இருந்தன. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊரை ஒட்டி இருக்கும் அவர்களுடைய ஆலை போன வருடம் என்னென்ன கழிவை எவ்வளவு வெளியே விட்டது? அதற்கு முந்தின வருடம் எவ்வளவு? அது மட்டும் இல்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தொடங்குவது போபாலில்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி, யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். சுற்றியிருந்த குடிசைகளில் தூங்கியவர்களுக்கு, ஆலைக்குள் என்ன இருக்கிறது என்பதே தெரியாது. சிகிச்சை கொடுத்த டாக்டர்களுக்கும் தெளிவான தகவல் கிடைக்கவில்லை. அடுத்த ஆகஸ்டில், மேற்கு வர்ஜீனியாவில் அதே கம்பெனியின் ஆலையில் வேறொரு ரசாயனம் கசிந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அமெரிக்கா விழித்துக்கொண்டது. 1986-ல் மக்களின் அறியும் உரிமைக்கென ஒரு சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவில் பிறந்ததுதான் 'டாக்ஸிக்ஸ் ரிலீஸ் இன்வென்டரி' என்ற நச்சுக் கணக்கேடு. பட்டியலில் 300-க்கும் மேற்பட்ட ரசாயனங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் அவற்றைக் கையாளும் ஒவ்வொரு ஆலையும் காற்றில் எவ்வளவு, நீரில் எவ்வளவு, நிலத்தில் எவ்வளவு விட்டது என்று ஒரே படிவத்தில் வருடாவருடம் சொல்ல வேண்டும். அதைவிட என்னை அசத்தியது வேறு. இந்தக் கணக்கைக் கணினித் தரவுத்தளமாக மக்களுக்குத் தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். இணையம் வீட்டுக்கு வராத காலம் அது!

பலன்? முதல் கணக்கைக் கொடுக்க வேண்டிய 1988-ல், பொதுமக்கள் பார்ப்பதற்கு முன்பே, மான்சாண்டோ தன் நச்சுக் காற்று வெளியேற்றத்தை 1992 முடிவுக்குள் 90 சதவீதம் குறைப்பதாக அறிவித்தது. ஒரு எண்ணைக்கூட அரசு வரம்பாக விதிக்கவில்லை. எண் வெளியே தெரியப்போகிறது, அவ்வளவுதான். 1998-ல் 'ஸ்கோர்கார்டு' என்ற இணையதளம் வந்தது. அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் உங்கள் பகுதி ஆலைகளின் கணக்கு வந்து நிற்கும்.

குறை இல்லாமலும் இல்லை. புதிதாக அளவெடுக்கச் சட்டம் கேட்கவில்லை, மதிப்பீடே போதும். ஆக, கணக்கிடும் முறையை மாற்றினாலே காகிதத்தில் மாசு குறைந்துவிடும். ஒரு பவுண்டு ரசாயனமும் இன்னொரு பவுண்டும் ஒரே ஆபத்து இல்லை என்பதும் அதில் தெரியாது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே நம்மிடம் 'படிவம் 5' வந்துவிட்டது. ஆலைகள் செப்டம்பர் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுக்க வேண்டிய சுற்றுச்சூழல் அறிக்கை. ஆனால் அது வாரியத்துக்காக எழுதப்படுவது, பக்கத்துத் தெருக்காரருக்காக அல்ல. 2022-23 முதல், முதல் 1000 பட்டியலிட்ட நிறுவனங்களுக்கு செபி கட்டாயமாக்கிய அறிக்கை எல்லோரும் பார்க்கக்கூடியது. முந்தின வருட எண்ணும் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் பெரும்பாலான எண்கள் நிறுவனம் முழுமைக்கும் சேர்த்த கூட்டுத்தொகை. பத்து ஆலைகளைக் கூட்டினால் எங்கள் ஊர் ஆலை அதில் கரைந்துபோகிறது.

மூன்றே விஷயம் போதும் என்று தோன்றுகிறது. ஆலைவாரியாக எண், எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஒரு வரி, கணினியில் பிரித்துப் பார்க்கக்கூடிய கோப்பு. முறையை மாற்றினால் பழைய வருடத்தையும் புது முறையில் திருத்திக் காட்ட வேண்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம், 1986-லேயே யோசித்துவிட்டார்கள்.

போபாலில் செத்தது நம் மக்கள். அதிலிருந்து பிறந்த கணக்கேட்டில் ஒரு அமெரிக்கர் தன் தெருவைத் தேடிப் பார்க்க முடிகிறது. என் தெருவை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.