மீண்டும் வரும் மனச்சோர்வும் சென்னை சினேகா மையமும்

பலருக்கு மனச்சோர்வு ஒருமுறையோடு முடிவதில்லை. முதன்முறை பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது திரும்பவும் வருகிறது. நாளிதழ்கள் இதையும் 'மன அழுத்தம்' என்றே எழுதிவிடுவதால், வேலைப்பளுவால் வரும் களைப்போடு இது குழம்பிப்போகிறது.

சென்னையில் இதற்கு உதவி தேட நெடுங்காலம் ஓர் ஊர்ப்பெயரே தடையாக இருந்தது. 1794-இல் வாலன்டைன் கானலி என்ற மருத்துவர் தொடங்கிய காப்பகத்தின் வழிவந்த அரசு மனநல மருத்துவமனை, 1871 முதல் கீழ்ப்பாக்கத்தில் இயங்குகிறது. 1961-இல் சாரதா மேனன் அதன் கண்காணிப்பாளரானார். சிகிச்சை முறைகள் மாறின. பேச்சுவழக்கில் மட்டும் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' வசைச்சொல்லாகவே நீடித்தது. அலுவலகம் போய்வந்துகொண்டே, காலையில் எழுந்திருக்க மனமற்றுக் கிடக்கும் ஒருவர் அந்த வாசலை எளிதில் மிதிக்கமாட்டார்.

வேறொரு வாசல் தென்சென்னையில் திறந்தது. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சினேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை நிறுவினார். மயிலாப்பூரை அடுத்த ராஜா அண்ணாமலைபுரத்தில் இது செயல்படுகிறது. அழைப்பை எடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். 1953-இல் லண்டனில் சாட் வாரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் இயக்கத்தின் வழியில், அவர்கள் புத்திமதி சொல்லாமல் காதுகொடுத்துக் கேட்கிறார்கள்; கேட்டது வெளியே போகாது.

இரகசியம் காப்பது அன்று வெறும் நாகரிகமல்ல. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு ஓராண்டுவரை சிறை விதித்தது. நோயாளியும் குடும்பமும் வாய்திறக்க அஞ்சினர். 2018 மே 29-இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம்தான் அப்பிரிவின் பிடியைத் தளர்த்தியது.

நோய் திரும்ப வருமென்றால் உதவியும் திரும்பத் திரும்ப வரவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று இதைச் சோதித்தது. சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேர் இதில் பங்கேற்றனர். லட்சுமி விஜயகுமாரும் ஆய்வாளர்களுள் ஒருவர். ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களிடம் கூடுதலாக ஒரு மணி நேரம் பேசி, பின் 18 மாதங்களில் ஒன்பது முறை தொலைபேசியிலோ நேரிலோ தொடர்புகொண்டனர். 2008-இல் வெளியான முடிவின்படி, முதல் பிரிவில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். இரண்டாம் பிரிவில் 0.2 விழுக்காட்டினர். அந்த ஒன்பது தொடர்புகளிலும் பெரிய மருத்துவம் எதுவும் இல்லை. எப்படி இருக்கிறீர்கள், மேற்கொண்டு உதவி வேண்டுமா என்று விசாரித்தார்கள்.