மென்பொருளாக்கத்தில் கீழ்நிலைக் கணிமை அறிவு

கீழ்நிலைக் கணிமை அறிவு என்பது கணினியின் செயலி, நினைவகம், இயங்குதளம், தரவுகள் பைட்டுகளாகச் சேமிக்கப்படும் முறை ஆகியவை பற்றிய அறிவைக் குறிக்கும். ஜாவா, பைத்தான் போன்ற உயர்நிலை நிரல்மொழிகள் இவற்றை நிரலாளரின் பார்வையிலிருந்து மறைக்கின்றன. ஆகவே மென்பொருள் உருவாக்குநர் அனைவரும் இவற்றைக் கற்க வேண்டுமா என்பது நெடுநாளைய விவாதப் பொருளாகும். தமிழ் உரையைக் கையாளும் மென்பொருள்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

== எடுத்துக்காட்டு ==

விருதுநகர் மாவட்டத்திலுள்ள சிவகாசி பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்களுக்குப் பெயர்பெற்ற நகரம். "சிவகாசி" என்னும் சொல்லின் நீளத்தை மூன்று வகையாக அளக்கலாம்:

* எழுத்துகள் (சி, வ, கா, சி): 4
* ஒருங்குறிக் குறியெண்கள் (அகர எழுத்துகள் 4, உயிர்க்குறிகள் 3): 7
* யூடிஎஃப்-8 குறிமுறையில் பைட்டுகள்: 21

ஒருங்குறியில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. "சி" போன்ற உயிர்மெய்க்குத் தனி எண் இல்லை. "ச" என்பதன் எண்ணான 2970, இகரக் குறியின் எண்ணான 3007 ஆகிய இரண்டும் சேர்ந்தே அதைக் குறிக்கின்றன. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டுகளைக் கொள்ளும். பைத்தான் 3 இச்சொல்லின் நீளத்தை 7 எனக் காட்டும். சி மொழியின் வழக்கமான நீளச் செயற்கூறு 21 எனக் காட்டும். தமிழ் வாசகர் எண்ணும் 4 இரண்டிலும் கிடைப்பதில்லை.

== விளைவுகள் ==

* துண்டிப்பு: பட்டாசு விற்பனை மென்பொருள் ஒன்றில் ஊர்ப்பெயருக்கு 20 பைட்டுகளே ஒதுக்கப்பட்டிருப்பின், கடைசி இகரக் குறி சிதைந்து, "சிவகாச" என்பதே எஞ்சும்.
* குறுஞ்செய்தி: ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட்டுகள். வழக்கமான ஆங்கில உரைக்கு 7 பிட்டு முறையில் 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழுக்கு 16 பிட்டு முறையில் 70 குறியெண்களே கிடைக்கும். எனவே தீபாவளி விற்பனை அறிவிப்பைத் தமிழில் அனுப்பச் செலவு கூடலாம்.
* தேடல்: "கொ" என்பதை ஒகரக் குறியால் எழுதலாம், எகரக் குறி, கால் ஆகியவற்றைத் தனித்தனியே இட்டும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பைட்டுகளை மட்டும் ஒப்பிடும் நிரல் இவற்றை வேறுவேறாகக் கருதும்.
* அகரவரிசை: குறியெண் வரிசையில் "ற" என்பது "ல" என்பதற்கு முன் வரும். தமிழ் நெடுங்கணக்கில் அது "ள" என்பதற்குப் பின் வரும்.

== வரலாறு ==

ஒருங்குறி பரவுமுன், தமிழ் அச்சுத்துறையில் எழுத்துரு சார்ந்த குறிமுறைகளே பெரிதும் வழங்கின. பாமினி போன்ற எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் எண்ணுக்குத் தமிழ் வடிவம் தரப்பட்டது. எழுத்துருவை மாற்றினால் உரை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும். 1999 இல் தமிழ்நாடு அரசு டாம், டாப் குறிமுறைகளைத் தரப்படுத்தியது. 2010 இல் ஒருங்குறியோடு, உயிர்மெய்க்கும் தனி எண் தரும் டேஸ் 16 முறையையும் ஏற்றது. பழைய கோப்புகளைத் தேடக்கூடிய உரையாக மாற்றும் நிரலை எழுதுவோருக்கு இக்குறிமுறைகள் பற்றிய அறிவு இன்றியமையாதது.

== மாற்றுக் கருத்து ==

ஐசியூ போன்ற நிரலகங்கள் எழுத்துப் பிரிப்பு, வரிசைப்படுத்தல் ஆகியவற்றைச் செய்துதருவதால், நிரலாளர் அனைத்தையும் கற்கத் தேவையில்லை என்பர் சிலர். பொறிமொழியில் நிரல் எழுதும் தேவை பெரும்பாலோருக்கு நேர்வதில்லை என்பதும் உண்மையே. எனினும் எந்த நிரலகம் தேவை என அறியவே சிக்கல் எங்குள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும். மறைக்கப்பட்ட அடுக்குகள் முழுமையாக மறைவதில்லை என்று சோயல் இசுபோல்சுகி 2002 இல் எழுதினார். ஆகவே, தாம் பணிபுரியும் அடுக்குக்கு அடுத்த கீழ் அடுக்கையேனும் அறிந்திருப்பது பயன்தரும்.

== இவற்றையும் பார்க்க ==

* ஒருங்குறி
* தமிழ்க் கணிமை
* சிவகாசி