மற்களமும் ஊர்வாயும்: புறநானூற்றில் பொருநரைப் பற்றிய மதிப்பும் பழிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

களத்தில் இறங்கிப் பொருதவனைப் பற்றிக் களத்திற்கு வெளியே நின்றோர் பேசிய பேச்சுக்குப் புறநானூறு எத்தகைய இடம் தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஆமூர் மற்போர், தலையாலங்கானத்துப் போர், வெண்ணிப் போர் ஆகியவை குறித்த பாடல்களும், மகனைப் பற்றிய ஊர்ப்பேச்சைக் கேட்ட முதியவள் ஒருத்தியைக் குறித்த பாடலும் சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன. வீரனைப் பற்றிய பேச்சை இப்பாடல்கள் ஒரே தரத்தில் வைக்கவில்லை. கண்டு சொல்வதையும் கேட்டுச் சொல்வதையும், பழித்தலையும் சிறுசொல்லையும் அவை பிரித்தறிகின்றன. எனினும், அந்த மதிப்பு எல்லா வீரருக்கும் ஒப்பக் கிடைக்கவில்லை என்பதும் இச்சான்றுகளால் புலனாகிறது.

திறவுச்சொற்கள்: புறநானூறு, மற்போர், ஆமூர், நக்கண்ணையார், சிறுசொல், புறப்புண்

முன்னுரை

சங்க காலப் போர்முறை, படைக்கருவிகள், நடுகல் வழிபாடு ஆகியவை குறித்து விரிவான ஆய்வுகள் உள்ளன. போரிட்டவனைப் பற்றி ஊரார் என்ன பேசினர், அப்பேச்சைப் புலவர் எவ்வாறு கையாண்டனர் என்பது அந்த அளவிற்குக் கவனம் பெறவில்லை. பொதுவாகப் புறப்பாடல்கள் வீரனைப் புகழ்வன என்ற அளவிலேயே நோக்கப்படுகின்றன. ஆனால் அப்புகழுரைகளுக்குள்ளேயே ஐயம், ஏளனம், வதந்தி, மறுப்பு ஆகியவையும் பதிவாகியுள்ளன. உ.வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்ததால் இப்பாடல்கள் அவற்றின் திணை, துறை, கொளுக் குறிப்புகளுடன் பரவலாகக் கிடைத்தன. இக்குறிப்புகள் பாடல்களுக்குப் பிற்பட்டவை என்பது அறிஞர் கருத்து. ஆகவே இக்கட்டுரை பாடல்களின் உள்ளடக்கத்தை முதன்மைச் சான்றாகவும் குறிப்புகளைத் துணைச் சான்றாகவும் கொள்கிறது.

ஆமூர் மற்போர்

புறநானூற்றின் 80 முதல் 85 வரையுள்ள ஆறு பாடல்களும் சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளியைப் பற்றியவை. முதல் மூன்றைச் சாத்தந்தையாரும் பின் மூன்றைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையாரும் பாடியுள்ளனர். கள்வளம் மிக்க ஆமூரில் வலிமை மிகுந்த மல்லன் ஒருவனைக் கிள்ளி பொருது வீழ்த்தியதை 80ஆம் பாடல் சொல்கிறது. ஒரு காலை எதிரியின் மார்பில் ஊன்றி, மறு காலால் அவன் செய்யும் உபாயத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைத்த பிடியை அது காட்டுகிறது. பசித்த யானை மூங்கிலைத் தின்ன முயன்று அதன் இருபுறமும் முறிப்பதுபோல எதிரியின் தலையும் காலும் ஒடிய மோதினான் என்கிறது. மற்போர் நுணுக்கத்தை அருகிருந்து கண்டவரின் சொல்லாகவே இது அமைந்துள்ளது.

இப்பாடலின் உயிர்நாடி வேறிடத்தில் உள்ளது. தித்தன் அருள் செய்தாலும் செய்யாவிட்டாலும் இவ்வெற்றியைக் காணட்டும் என்று புலவர் விழைகிறார். தித்தனைக் கிள்ளியின் தந்தையாகக் கொண்டு, தந்தையுடன் பகைத்து உறையூரை விட்டு வெளியேறிய நிலையில் கிள்ளி ஆமூரில் மற்போரிட்டான் என்று பொருள் கொள்வது மரபு. அவன் புல்லிய கூழுண்டு வாழ்ந்த வறுமையை 84ஆம் பாடல் வெளிப்படையாகவே கூறுகிறது. எனவே களத்தில் நின்றவன் அரியணையில் வீற்றிருந்த வேந்தனல்லன். தன் திறத்தைப் பிறர் கண்முன் மெய்ப்பிக்க வேண்டிய நிலையில் இருந்த அயலூரான். காணவேண்டியவன் காணவில்லை என்ற குறையே 80ஆம் பாடலைப் புகழுரை என்ற எல்லைக்கு அப்பால் கொண்டுசெல்கிறது.

இரண்டுபட்ட ஊர்

ஆமூர் மக்கள் இவ்வெற்றியை ஒருமனதாக ஏற்கவில்லை. ஊர் என்றும் ஒரு பக்கம் நில்லாமல் இரு பக்கமாய்ப் பிரிந்து மயங்கிக் கிடப்பதை நக்கண்ணையார் 83ஆம் பாடலில் நொந்து உரைக்கிறார். 85ஆம் பாடல் அப்பிளவின் காரணத்தையே சுட்டுகிறது. அவன் ஊர் இதுவன்று, அவன் நாடும் இதுவன்று. ஆதலால் சிலர் வெற்றி அவனுடையது என்கின்றனர், சிலர் இல்லை என்கின்றனர். இங்கு ஐயத்திற்கு உட்படுவது கிள்ளியின் பிடியோ வலிமையோ அன்று. அவன் பிறந்த இடம். ஒரே களத்தில் நிகழ்ந்த ஒரே நிகழ்ச்சியை இரு தரப்பாரும் வெவ்வேறாகக் கண்டதற்குப் பாடல் தரும் விளக்கம் இதுவே. சொந்த ஊர் மல்லன் மண்ணில் வீழ்ந்ததை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்களின் பேச்சாக இதனைக் கொள்வது பொருந்தும்.

இரு தரப்பார் சொல்லையும் நக்கண்ணையார் நல்ல சொல் என்றே குறிக்கிறார். இது நேர்ப்பொருளா, எள்ளலா என்பது விவாதத்திற்குரியது. அடுத்து அவர் கூறுவது அவ்விவாதத்தையும் கடந்து நிற்கிறது. காற்சிலம்பு ஒலிக்க ஓடிச் சென்று, தம் வீட்டுப் பனைமரத்தின் பருத்த அடியைப் பொருந்தி நின்று, அவன் வெல்வதைத் தாமே கண்டதாக உரைக்கிறார். எங்கிருந்து கண்டார் என்பதைச் சொல்வதால் அவருடைய கூற்று சாட்சியமாகிறது. ஊரார் கூற்றுக்கு அத்தகைய நிலைக்களம் எதுவும் பாடலில் தரப்படவில்லை.

இச்சாட்சியம் நடுநிலையானதன்று. இம்மூன்று பாடல்களும் கைக்கிளைத் திணையில் வைக்கப்பட்டுள்ளன. அவன்மேல் கொண்ட காதலால் வளை கழலும் நிலையைத் தாய் அறிவாள் என்ற அச்சத்தையும், அவனைத் தழுவ அவையோர்முன் நாணுவதையும் 83ஆம் பாடல் மறைக்கவில்லை. தம் சார்பை ஒளிக்காமல் முன்வைத்துவிட்டு, கண்டதைக் கண்டவாறு சொல்வதே நக்கண்ணையாரின் முறை. இப்பாடல்களின் துறை ‘பழிச்சுதல்’ எனப்படுகிறது. புகழ்தல் என்னும் பொருளுடைய இச்சொல், ஒலியளவில் பழித்தலுக்கு மிக நெருங்கி நிற்கிறது. ஊர் பழித்ததையும் ஒருத்தி பழிச்சியதையும் ஒரே பாடலில் காண்பதால் இத்துறைப்பெயர் ஈண்டுத் தனிப்பொருத்தம் பெறுகிறது.

பலர் சொல்லும் ஒருத்தியின் சோதனையும்

ஊர்ப்பேச்சு எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதைக் காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278ஆம் பாடல் காட்டுகிறது. நரம்பு புடைத்து, தோள் வற்றிய முதியவள் ஒருத்தியிடம், அவள் மகன் படைக்கு அஞ்சிப் புறங்காட்டினான் என்று பலர் கூறுகின்றனர். அப்பலர் யாவர், அவர்கள் களத்தில் இருந்தவர்களா என்பதைப் பாடல் சொல்லவில்லை. அவள் அதனை உடனே மறுக்கவுமில்லை, நம்பவுமில்லை. அது மெய்யானால் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளேந்திக் களம் புகுகிறாள். குருதி படிந்த களத்தில் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். சிதைந்து துண்டாகிக் கிடந்த மகனைக் கண்டபோது, அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்ந்தாள் என்று பாடல் முடிகிறது.

இப்பாடல் மறத்தாயின் வீரத்திற்குச் சான்றாகவே பெரிதும் எடுத்துக்காட்டப்படுகிறது. பேச்சுக்கும் மெய்ம்மைக்கும் இடையிலுள்ள தொலைவைக் காட்டும் பாடலாகவும் இதனைக் காணலாம். பலர் சொன்ன சொல் பொய்யென மெய்ப்பிக்கப்பட்டது. ஆனால் அதைச் சொன்னவர்களுக்கு எந்த இழப்பும் நேரவில்லை. மெய்யறியும் சுமை முழுவதும் தாய்மேல் விழுந்தது. மகனின் மானம் மீண்டது, அவன் உயிர் மீளவில்லை. களத்தில் உடல் சிதைந்தவன் தன் பொருட்டுப் பேச இயலாதவன் என்பதால், அவனைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு சொல்லைச் சோதிக்க மற்றொருவர் பிணங்களுக்கிடையே நடக்க வேண்டியிருந்தது.

சிறுசொல்லும் பழியும்

பாண்டியன் தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனே பாடியதாகக் கொள்ளப்படும் 72ஆம் பாடல், பழிப்புக்கு ஆளான வீரனின் குரலை நேரடியாகத் தருகிறது. பகைவேந்தர் அவனை இளையவன் என இகழ்ந்தனர். அவர்தம் பேச்சை அவன் ‘சிறுசொல்’ எனக் குறிக்கிறான். அவர்களைச் சிதறடித்து முரசொடு கைப்பற்றேனாயின் தனக்கு நேர வேண்டியவை என மூன்றைச் சொல்கிறான்: தன் நிழலில் வாழும் குடிகள் தன்னைக் கொடுங்கோலன் எனத் தூற்றட்டும்; மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழியட்டும்; இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னைச் சேரட்டும்.

வஞ்சினத்தின் உள்ளமைப்பு கருதத்தக்கது. பகைவர் அவனுடைய வயதைப் பற்றிப் பேசினர்; அது அவன் செய்த செயலைப் பற்றியதன்று. அத்தகைய சொல்லை அவன் ஏற்க மறுக்கிறான். அதே மூச்சில், தான் தவறினால் தன்னைப் பழிக்கும் உரிமையைக் குடிகளுக்கும், பாடாமல் விலகும் உரிமையைப் புலவர்க்கும் தானே வழங்குகிறான். பழிப்பு என்பதையே அவன் வெறுக்கவில்லை. செயல் முடியுமுன் எழும் ஏளனத்தைத் தள்ளி, செயலின் விளைவு கண்டு எழும் பழியைக் கொள்கிறான்.

இப்போரைப் பாடிய இடைக்குன்றூர் கிழார் 76ஆம் பாடலில், ஒருவன் வெல்வதும் மற்றவன் தோற்பதும் உலகில் புதிதல்ல என்று தொடங்கி, எழுவரைத் தனியொருவன் வென்றதே புதுமை என்கிறார். 77ஆம் பாடலில் பகைவர் இகழ்ந்த அதே இளமையை அவர் எடுத்துக்கொள்கிறார். காற்சதங்கை அகற்றிய காலில் கழல் ஏறியது; கழுத்தில் ஐம்படைத்தாலி இன்னும் கிடக்கிறது; பால் மறந்து சோறுண்டதும் இன்றுதான். ஏளனத்திற்கு மூலமான உண்மையை மறைக்காமல் மிகுத்துக் காட்டியே புகழாக மாற்றுகிறார். பின் நான்கு மறுப்புகளை அடுக்குகிறார். எதிர்த்து வந்த மள்ளரைக் கண்டு அவன் வியக்கவுமில்லை, இழிவாக எண்ணவுமில்லை. அவர்களைப் பற்றி நிலத்தில் வீழ்த்திய பின் மகிழவுமில்லை, செருக்கவுமில்லை. போர்முகத்தில் தன் பெருமை பேசும் ‘நெடுமொழி’ இலக்கண நூலாரும் ஏற்ற மரபாக இருக்கையில், வென்றவனின் இந்த அடக்கத்தைப் புலவர் தனியே எடுத்துரைப்பது குறிப்பிடத்தக்கது.

தோற்றவனுக்குரிய மதிப்பு

வெண்ணிப் போரில் கரிகாலனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதன் புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்தான். கழாத்தலையாரின் 65ஆம் பாடல், எதிர்த்த வேந்தன் அவனுடைய முன்புறம் குறித்தே எறிந்தான் என்கிறது. ஆகவே அப்புண் ஓடியதால் வந்ததன்று. மார்பில் பாய்ந்த படை முதுகில் ஊடுருவியதால் நேர்ந்தது எனக் கொள்ளலாம். ஆயினும் புறப்புண் என்னும் பெயரே அவனுக்குப் போதுமான பழியாயிற்று. அவன் இன்றிப் பகற்பொழுதுகள் முன்போல் கழியவில்லை எனப் புலவர் இரங்குகிறார்.

வெண்ணிக்குயத்தியாரின் 66ஆம் பாடல் வென்ற கரிகாலனை நோக்கியது. அவன் வெற்றியை அது குறைக்கவில்லை. ஆனால் நாணி வடக்கிருந்து புகழ்பெற்றவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று வென்றவனிடமே வினவுகிறது. தோற்றவனைப் புகழ்வதற்கு அவன் சுற்றத்தார் அவையைத் தேடாமல், வென்றவன் அவையையே புலவர் தேர்ந்துள்ளார். போரின் முடிவும் போரிட்டவனின் தகுதியும் வெவ்வேறானவை என்பதை இதனினும் தெளிவாகச் சொல்லும் புறப்பாடல் அரிது.

பெயரற்ற மல்லன்

இம்மதிப்பு எவ்வளவு தூரம் பரவியது? ஆமூரில் வீழ்ந்த மல்லனின் பெயர் எந்தப் பாடலிலும் இல்லை. அவன் வலிமை மிக்கவன் என்பதும், அவன் உடல் எவ்வாறு முறிந்தது என்பதுமே தெரியவருகின்றன. கிள்ளியின் கையில் அகப்பட்டோர் இரங்கத்தக்கவர் என 81ஆம் பாடல் பொதுவாகக் கூறுவதே அவனுக்குக் கிடைத்த பரிவு. தோற்ற சேரனுக்குக் கிடைத்த வினா அவன் பொருட்டு எழுப்பப்படவில்லை. அவன் சார்பில் பேசிய ஊராரும் எதிர்த்தரப்பின் குரலாக, நக்கண்ணையாரின் வாய்வழியாக மட்டுமே எஞ்சியுள்ளனர்.

82ஆம் பாடலும் இத்தகையதே. ஊரில் விழா தொடங்கியது, மனைவிக்குப் பேறுகாலம், மழை பெய்கிறது, கதிரவன் சாய்கிறான்; அந்நிலையில் கட்டில் பின்னும் தொழிலாளியின் கை ஊசி ஓடும் விரைவைக் கிள்ளியின் போருக்கு உவமையாக்குகிறது. அத்தொழிலாளியின் கைத்திறனை நுணுகிக் கண்ட பாடல், அவனை இழிசினன் என்றே அழைக்கிறது. திறம் அளவுகோலாகிறது, திறமுடையவன் மதிப்புக்கு வெளியே நிற்கிறான். பிற்காலத்தில் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவன் முதலாம் நரசிம்மவர்மன் ‘மாமல்லன்’ என்னும் பட்டம் பூண்டான். மாமல்லபுரம் இன்றும் அப்பெயரைச் சுமக்கிறது. மல்லன் என்ற சொல் வேந்தனின் பட்டமாக உயர்ந்தபோதும், மற்களத்தில் வாழ்ந்த மல்லர் பெயரின்றியே மறைந்தனர்.

முடிவுரை

புறநானூற்றுப் புலவர்கள் வீரனைப் பழிப்பிற்கு அப்பாற்பட்டவனாக வைக்கவில்லை. பேசுவோரிடம் அவர்கள் எதிர்பார்ப்பது மூன்று. கண்டவர் தாம் நின்ற இடத்தையும் தம் சார்பையும் மறைக்கலாகாது. பிறப்பையும் வயதையும் பற்றிய ஏளனத்தைச் செயல் பற்றிய பழியோடு கலக்கலாகாது. தோல்வியைத் தகுதியின்மை எனக் கொள்ளலாகாது. இவ்வறம் வேந்தர்க்கு முழுமையாகவும் பெயரற்ற மல்லர்க்கு அரைகுறையாகவும் வழங்கப்பட்டது என்பது அதன் எல்லை. ஆமூர்ப் பாடல்களை இனி வாசிப்போர், கிள்ளியின் வெற்றியோடு அவன் காலடியில் கிடந்தவனையும், அவனுக்காக வெற்றியை மறுத்த ஊராரையும் சேர்த்துக் காண்பதே அச்சான்றுகளுக்குச் செய்யும் நேர்மையாகும்.