கற்கொத்தர் சங்கமும் பெண்களின் உறுதிமொழியும்



சிம்பாங் பூலாய் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கல் புதிதன்று. சுண்ணாம்புக்கல் மலைகளை நாள்தோறும் பார்க்கிறோம். கல்லுடைக்கும் ஓசையும் நமக்குப் பழக்கமானதே. கல்லைச் செதுக்கிக் கட்டடம் எழுப்பிய கொத்தனார்களின் பெயரால் உலகெங்கும் பரவிய ஒரு சங்கத்தைப் பற்றி இன்று பேசுவோம். அதுதான் பிரீமேசன் சங்கம். அதன் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். பினாங்கில் 1809-ஆம் ஆண்டிலேயே ஒரு லாட்ஜ் தொடங்கப்பட்டது. பின்னர் நம் ஈப்போவிலும் கிந்தா லாட்ஜ் ஏற்பட்டது.

இச்சங்கத்தின் கூடங்களை நம் நாட்டில் பழைய ஆட்கள் 'ரூமா ஹந்து', அதாவது பேய் வீடு, என்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே என்ன செய்கிறார்களோ என்ற ஐயத்தில் பிறந்த பெயர் அது. பிள்ளைகளும் வகுப்பில் நம்மைக் கேட்டதுண்டு. பேயும் இல்லை, பிசாசும் இல்லை. உள்ளே நடப்பது ஒரு சடங்கு. அந்தச் சடங்கின் நடுவே ஓர் உறுதிமொழி. அந்த உறுதிமொழியை யார் எடுக்கலாம் என்பதில்தான் ஆண்கள் லாட்ஜுக்கும், ஆணும் பெண்ணும் சேர்ந்த கலப்பு லாட்ஜுக்கும் வழக்கு.

முதலில் சடங்கைப் பார்ப்போம். இச்சங்கத்தில் மூன்று படிகள் உண்டு: பயில்பவர், தொழில் தோழர், ஆசான். புதிதாகச் சேர்பவரின் கண்ணைக் கட்டி, கழுத்தில் கயிறு மாட்டி, ஒரு கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டி, இடமார்பைத் திறந்து, ஏழையைப் போல் உள்ளே அழைத்து வருவார்கள். காசு, நகை எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. பிறகு வேதநூலின்மேல் கை வைத்து உறுதிமொழி சொல்லச் சொல்வார்கள். கட்டை அவிழ்த்ததும் வெளிச்சம். மூலைமட்டம், கவராயம், தூக்குக்குண்டு ஆகிய கொத்தனார் கருவிகளைக் காட்டி, நேர்மை, அளவு, ஒழுங்கு என்று அறம் போதிப்பார்கள். மூன்றாம் படியில், சாலமோன் மன்னரின் ஆலயத்தைக் கட்டிய ஹீராம் என்ற தலைமைச் சிற்பி, தொழில் இரகசியத்தைக் காட்டிக்கொடுக்க மறுத்து உயிர்விட்ட கதையை நடித்துக் காட்டுவார்கள். சேர்பவரே ஹீராமாக விழுந்து எழ வேண்டும்.

இவ்வளவும் இருவகை லாட்ஜிலும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியானால் வேறுபாடு எங்கே?

1723-இல் லண்டனில் அச்சிட்ட விதிநூலில், உறுப்பினர் சுதந்திரராகப் பிறந்த ஆண்களாக இருக்க வேண்டும், அடிமைகளும் பெண்களும் ஒழுக்கம் கெட்டவர்களும் கூடாது என்று எழுதினார்கள். அடிமை, பெண், ஒழுக்கம் கெட்டவர், இம்மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதைக் கவனியுங்கள். தன் சொல்லுக்குத் தானே உரிமையுடையவரே உறுதிமொழி சொல்லலாம் என்பது அந்தக் காலத்து எண்ணம். அடிமையின் சொல் எசமானுக்குச் சொந்தம். பெண்ணின் சொல் கணவனுக்கோ தகப்பனுக்கோ சொந்தம். இப்படித்தான் சட்டமும் கருதிற்று.

இதில் முதல் பூட்டு உடைந்தது 1847-இல். பிரிட்டிஷ் ஆட்சியில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833-இல் வந்தது. விடுதலை பெற்றவர்கள் கதவைத் தட்டினார்கள். 'சுதந்திரராகப் பிறந்தவர்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'சுதந்திரமான மனிதர்' என்று இங்கிலாந்துத் தலைமைச் சங்கம் மாற்றிக்கொண்டது. இந்தியாவிலும் நிறத் தடை இருந்தது. கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வங்காளி பல ஆண்டுகள் போராடி 1872-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது.

இரண்டாவது பூட்டைத் திறந்தவர் பிரான்ஸ் நாட்டு மரியா தெரேம் அம்மையார். பெண்ணுரிமைக்காக எழுதியும் பேசியும் வந்தவர். பாரிசுக்கு அருகில் லெ பெக் என்னும் ஊரிலிருந்த ஆண்கள் லாட்ஜ், 1882 ஜனவரி 14-ஆம் நாள் அவரைத் துணிந்து சேர்த்துக்கொண்டது. பெருங்கூச்சல் எழுந்தது. வேறு லாட்ஜுகள் அவ்வழியைப் பின்பற்ற முன்வரவில்லை. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1893-இல், ஜார்ஜ் மார்த்தேன் என்ற மருத்துவரோடு சேர்ந்து, ஆணும் பெண்ணும் சமமாக அமரும் புதிய சங்கத்தை அம்மையார் தொடங்கினார். அதன் பெயர் 'மனித உரிமை'. மறு ஆண்டே அவர் காலமானார். சங்கம் நிலைத்தது.

அந்தச் சங்கத்தை இங்கிலாந்துக்கும் நம் தமிழகத்துக்கும் கொண்டுவந்தவர் அன்னி பெசன்ட் அம்மையார். இவரைத் தொழிலாளர் குடும்பங்கள் மறக்கக் கூடாது. 1888-இல் லண்டன் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அவல நிலையை எழுதி ஊரறியச் செய்து, அவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது துணை நின்றவர். 1902-இல் அவர் கலப்புச் சங்கத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு லண்டனில் தொடங்கிய லாட்ஜுக்கு 'மனிதக் கடமை' என்று பெயரிட்டார்கள். பின்னர் சென்னை அடையாற்றில், பிரம்மஞான சபையின் வளாகத்திலும் கலப்பு லாட்ஜ் நடந்தது.

இப்போது வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம்.

ஒன்று, இடமார்பைத் திறக்கும் வழக்கம். வந்திருப்பவர் ஆண்தானா என்று அறியவே இது ஏற்பட்டது என்று ஆண்கள் லாட்ஜில் ஒரு விளக்கம் சொல்லி வந்தார்கள். கலப்பு லாட்ஜில் அந்த விளக்கத்துக்கே இடமில்லை.

இரண்டு, உறுதிமொழியின் வாசகம். ஆங்கிலேய ஆண்கள் லாட்ஜில் ஆசான் படி ஏறுபவர், தம் சகோதரரின் மனைவி, சகோதரி, பிள்ளை ஆகியோரின் கற்பை மதிப்பேன் என்று வாக்களிக்கிறார். நல்ல வாக்குத்தான். ஆனால் அங்கே பெண் காக்கப்படும் பொருளாக வருகிறாளேயன்றி, வாக்குக் கொடுப்பவளாக வரவில்லை. அமெரிக்காவில் பல லாட்ஜுகளிலோ, பெண்ணைச் சேர்க்கும் சடங்கில் நிற்கவும் மாட்டேன் என்றே சத்தியம் வாங்கினார்கள். கலப்பு லாட்ஜில் பெண்ணே கை வைத்துச் சொல்கிறாள், பெண்ணே தலைமை நாற்காலியில் அமர்ந்து சொல்ல வைக்கிறாள். சில கிளைகளில் அவளையும் 'பிரதர்' என்றே அழைப்பதுண்டு.

மூன்று, கடவுள் நம்பிக்கை. ஆங்கிலேய ஆண்கள் லாட்ஜில் ஒரு பரம்பொருளை நம்புவதாகச் சொல்லாமல் சேர முடியாது. சமயத்தையும் அரசியலையும் அங்கே பேசவும் கூடாது. பிரான்சில் பிறந்த கலப்புச் சங்கம் இதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டது. அன்னி பெசன்ட் தம் கிளைகளில் கடவுளை மீண்டும் முன்னிறுத்தினார்.

நான்கு, அங்கீகாரம். கலப்பு லாட்ஜுக்குப் போகக்கூடாது என்று ஆங்கிலேயத் தலைமைச் சங்கம் தன் உறுப்பினருக்கு விதித்தது. 1929-இல் அதை அடிப்படைக் கொள்கையாகவே எழுதி வைத்தது. ஒரே சடங்கு, ஒரே கருவி, ஒரே கதை. ஆயினும் ஒருவர் வீட்டுக்கு மற்றவர் போவதில்லை.

பழைய விதி மாறாது என்பார்கள். ஆனால் இரகசியத்தை வெளியிட்டால் தொண்டையை அறுப்போம் என்ற பழங்காலத் தண்டனை வாசகத்தை அதே தலைமைச் சங்கம் 1986-இல் உறுதிமொழியிலிருந்து நீக்கிவிட்டது. மாற்ற மனம் இருந்தால் மாற்றலாம் என்பதற்கு இதுவே சான்று.

நேயர்களே, இதையெல்லாம் படிக்கையில் நமக்கு நம் பாட்டன் பாட்டிமார் நினைவு வருகிறது. லாட்ஜில் உறுதிமொழிக்கு முன், 'உன் சொந்த விருப்பத்தில் வந்தாயா?' என்று கேட்கிறார்கள். உன் கடமைகளுக்கு மாறானது இதில் ஒன்றும் இல்லை என்று முன்கூட்டியே சொல்கிறார்கள். மலாயாவுக்கு வந்த ஒப்பந்தக் கூலிகளும் ஒரு வாக்குக் கொடுத்தவர்களே. எழுத்தறியாத அவர்களில் எத்தனையோ பேர் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமலே கைநாட்டு வைத்தார்கள். தோட்டத்தை விட்டு ஓடினால் சிறை. 1910-இல்தான் அந்த முறையில் ஆள் எடுப்பது நின்றது. அதன் பின்னும் பெண்ணுக்குக் கூலி குறைவு. 1920களின் இறுதியில் அரசு வகுத்த நாள் கூலி, பல வட்டாரங்களில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. விடியுமுன் பிரட்டுக்கு நின்றதும், மலையேறிப் பால் வெட்டியதும் இருவருமே. கூலி மட்டும் வேறு.

பிரீமேசன் சங்கத்தில் சேருங்கள் என்றோ, சேராதீர்கள் என்றோ நாம் சொல்லவில்லை. அது அவரவர் சமயத்தையும் மனத்தையும் பொறுத்தது. ஆனால் நம் கோயில் கமிட்டி, பள்ளிப் பெற்றோர் சங்கம், கூட்டுறவுக் கடை, தொழிற்சங்கக் கிளை எல்லாவற்றிலும் ஒரு விதிப்புத்தகம் இருக்கிறது. அதை எடுத்துப் படியுங்கள். யார் சேரலாம், யார் தலைமை ஏற்கலாம் என்று எழுதியிருப்பதைப் பாருங்கள். எழுதாமலே வழக்கத்தால் தள்ளி வைத்திருப்பவர் யார் என்றும் எண்ணிப் பாருங்கள். பாரிசில் 'மனித உரிமை' என்றார்கள். லண்டனில் 'மனிதக் கடமை' என்றார்கள். கடமையை மட்டும் பெண்ணுக்குக் கொடுத்து, உரிமையை ஆண் வைத்துக்கொண்டால் அந்தக் கட்டடம் தூக்குக்குண்டுக்கு நேராக நிற்காது.