வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு இரண்டு கதவுகள்

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன். தமிழ்ப் பாடவேளை வந்தால் வயிறு வலிக்கும். வரிசையாக எழுந்து வாசிக்கும்போது, தன் முறைக்கு இரண்டு பேர் இருக்கையிலேயே தண்ணீர் குடிக்க அனுமதி கேட்பான். இவனுக்கு நம்மிடம் இரண்டு வழிகள் உண்டு: ஒன்று குறைதீர் வகுப்பு, மற்றது கவுன்சிலிங்.

முதல் வழி எழுத்தைப் பார்க்கிறது. தமிழக அரசு 2025-இல் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குக் கொண்டுவந்த ‘திறன்’ திட்டம் இந்த வகை. இதன் பலத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். ‘கொக்கு’ என்ற சொல்லில் கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. நடுவில் உள்ள ககரத்தைத்தான் வாய் முதலில் சொல்ல வேண்டும். இந்தக் குழப்பம் அன்பான பேச்சால் தீராது, பயிற்சிதான் தீர்க்கும். ஆனால் மீசை அரும்பும் வயதில் ‘அம்மா, ஆடு’ அட்டையோடு தனியே உட்கார்வது அவமானம். ‘ஸ்லோ லேர்னர்’ என்ற பெயர் ஒரே நாளில் பட்டப்பெயராகிவிடும்.

இரண்டாம் வழி பயத்தைப் பார்க்கிறது. கவலை மனத்தின் இடத்தை அடைத்துக்கொண்டால் எழுத்துக் கூட்ட இடமிருக்காது. தேர்வுக்கு முன் பத்து நிமிடம் பயத்தை எழுதித் தீர்த்த பதற்றக்கார மாணவர்களின் மதிப்பெண் கூடியதாக ஆய்வாளர்கள் ராமிரெஸும் பெய்லாக்கும் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். நல்ல மருந்துதான். ஆனால் நம் பையனுக்குப் பயமே எழுத்தைப் பார்த்துத்தானே! பேசச் சொல்லலாம், படம் வரையச் சொல்லலாம். தமிழகத்தில் 14417 என்ற உதவி எண்ணை அழைத்தாலும் ஆலோசனை கிடைக்கும். ஆனால் பயம் விலகிய பிறகும் கொக்கு அங்கேயேதான் நிற்கும்.

இரண்டில் ஒன்றைத்தான் முதலில் தொடங்க முடியும் என்றால், பயத்திலிருந்து தொடங்குவேன். டிஸ்லெக்ஸியா எனும் வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைக்கு மட்டும் பயிற்சியைத் தள்ளிப்போடுவது துரோகம்.

அந்தப் பையன் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில், சிவப்பு மை படாது என்று உறுதி சொன்ன பிறகு, ஒரு வரி எழுதினான்: “எல்லாறும் சிறிக்கிராங்க.” ஆலோசகர் கண்ணுக்குச் சிரிப்பு தெரியும். தமிழாசிரியர் கண்ணுக்கு மூன்று இடத்தில் இடம் மாறிய ரகர றகரம் தெரியும். அந்தப் பக்கத்தை இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்ததே இல்லை.