வண்டுக்குப் போட்ட வேலி

மாரி தொடங்கினால் எங்கட வீடுகளில் ஒரு காட்சி தவறாமல் நடக்கும். இரவு மேசை லைற்றைப் போட்டுப் படித்துக்கொண்டிருப்போம். வயல் பக்கமிருந்து பூச்சிகள் வந்து கொப்பியில் விழும். அதில் ஒன்று எறும்பு மாதிரி மெலிஞ்சு நீண்டிருக்கும். தலை கறுப்பு, நெஞ்சு செம்மஞ்சள், நடுவில் நீலம் மினுங்கும் ஒரு துண்டு, வால் நுனி திரும்பவும் கறுப்பு. கழுத்தில் ஊர்ந்தால் கை தானாகப் போய் நசுக்கிவிடும். ஒருநாள் இரண்டு நாள் கழித்து அந்த இடத்தில் கோடு போட்ட மாதிரிச் சிவந்து, எரிஞ்சு, கொப்புளம் வரும். "சிலந்தி ஊர்ந்திருக்கு" என்று அம்மம்மா சொல்லுவா.

சிலந்தி பாவம். அது செய்யாத குற்றம் இது. வேலை பார்த்தது பெடெரஸ் என்கிற வண்டு. அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நாங்கள் நசுக்கும்போதுதான் அதன் உடல்நீர் தோலில் பட்டுப் புண்ணாகிறது. அந்த நீரில் உள்ள நஞ்சுக்குப் பெடெரின் என்று பெயர். அதையும் வண்டு தானாகச் செய்வதில்லை, பெண் வண்டின் உடலுக்குள் குடியிருக்கும் ஒரு பக்டீரியா செய்து கொடுக்கிறது. இன்னொரு விசயம், நெல்லின் சாற்றை உறிஞ்சும் தத்திகளைப் பிடித்துத் தின்னும் வண்டு இது. விவசாயிக்கு நன்மை செய்கிறது. ஆசியாவின் வயல்களில் பரவலாகக் காணப்படும் பெடெரஸ் பஸ்சிபெஸ் என்ற இனத்துக்கு அந்தப் பெயரை வைத்தவர் ஜோன் கேர்ட்டிஸ் என்ற ஆங்கிலேயர். ஆண்டு 1826. எங்கட கழுத்தைச் சுடுகிற பூச்சிக்குப் பெயர் எங்கேயோ இருந்து வந்திருக்கிறது, எங்களுக்கோ அது வெறும் "பூச்சி". இந்த இடத்திலிருந்துதான் எங்கட தேடல் தொடங்கியது.

பெடெரஸ் ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. அறிவியலில் அந்தக் குடும்பத்தை ஸ்டபிலினிடே என்பார்கள். தமிழில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஒன்று இல்லாததால், இந்தக் கட்டுரை முடியும் வரைக்கும் குட்டைச்சிறகு வண்டுகள் என்று சொல்லுவோம். காரணம் இருக்கிறது. சாதாரண வண்டுக்கு முன்சிறகு தடித்து, முதுகு முழுக்க மூடி மாதிரி இருக்கும். இவற்றுக்கு அந்த மூடி பாதியில் நின்றுவிடும். வயிறு வெளியே தெரியும், தேளின் வால் மாதிரி மேலே வளையும். பறக்கும் சிறகு இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தச் சின்ன மூடிக்குள்ளே நீண்ட பின்சிறகு பல மடிப்பாய் மடிந்து கிடக்கும், தேவைப்பட்டால் சட்டென்று விரியும். முதுகுப் பாரம் குறைந்ததால் இந்த வண்டுகள் இலைச்சருகுக்குள்ளும், சாணிக்குள்ளும், மரப்பட்டைக்கு அடியிலும் புழு மாதிரி நெளிஞ்சு போகும். எறும்புப் புற்றுக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் போய் வாழப் பழகிய இனங்களும் நிறைய.

இன்றைக்கு விவரிக்கப்பட்ட குட்டைச்சிறகு வண்டு இனங்கள் 65,000-க்கும் மேல். பறவைகள், பாலூட்டிகள், ஊர்வன, ஈரூடகவாழிகள் எல்லாவற்றையும் கூட்டினாலும் இந்த எண்ணுக்குக் கிட்ட வராது. விலங்குலகின் மிகப் பெரிய குடும்பம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இந்தக் குடும்பம் எப்பவும் இவ்வளவு பெரிதாக இருக்கவில்லை. புதிய இனங்கள் கண்டுபிடிக்கப்பட்டது ஒரு காரணம். குடும்பத்தைச் சுற்றி மனிதர்கள் போட்ட வேலி பல தடவை இடம் மாறியது மற்றக் காரணம்.

முதல் வேலியைப் போட்டவர் சுவீடனின் லின்னேயஸ். 1758-இல் வந்த அவருடைய நூலின் பத்தாவது பதிப்பில் இந்த வண்டுகளை ஸ்டபிலினஸ் என்ற ஒரே சாதிக்குள் வைத்தார். இங்கே "சாதி" என்ற சொல்லைக் கவனியுங்கள். உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும்: ஜீனஸ் என்றால் சாதி, ஓடர் என்றால் வருணம் என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். தமிழ்நாட்டில் இவற்றைப் பேரினம், வரிசை என்கிறார்கள். எங்கட கலைச்சொல் மட்டும் ஊர்ப் பிரிவினையின் வாசத்தோடு இருக்கிறது. இதற்குப் பிறகு திரும்பவும் வருவோம்.

லின்னேயஸ் ஒரே சாதிக்குள் வைத்ததை ஒரு குடும்பமாக உயர்த்தியவர் பியர் அந்திரே லத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர், 1802-இல். இந்த மனுசனின் கதை படமாக எடுக்கலாம். அவர் கத்தோலிக்கக் குரு. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் புதிய அரசுக்குச் சத்தியம் செய்யவில்லை என்று பிடித்து போர்தோ நகரில் சிறையில் போட்டார்கள். சிறை அறையில் ஒரு சின்ன வண்டைக் கண்டார். கைதிகளைப் பார்க்க வந்த வைத்தியரிடம் அதைக் காட்டி, இது அரிய வகை என்றார். வைத்தியர் அதைப் பூச்சி சேர்க்கும் ஒரு பதினைந்து வயதுப் பொடியனிடம் கொண்டுபோனார். போரி டி சென்-வின்சென்ற் என்ற அந்தப் பொடியனுக்கு லத்ரேயின் ஆய்வு ஏற்கெனவே தெரியும். அவனுடைய முயற்சியால் லத்ரேய் வெளியே வந்தார். அந்த வண்டு குட்டைச்சிறகுக் குடும்பம் இல்லை, வேறு குடும்பம். ஆனாலும் அது அவரைக் காப்பாற்றியிராவிட்டால் ஸ்டபிலினிடே என்ற பெயரை வேறொருவர்தான் வைத்திருக்க வேண்டும்.

அதே 1802-இல் ஜேர்மனியில் கிராவென்ஹோர்ஸ்ட் தன் ஊரான பிரவுன்ஷ்வைக் பகுதியின் இந்த வண்டுகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இவற்றுக்கு வைத்த பெயர் மைக்ரோப்டெரா, அதாவது சிறுசிறகிகள். 1839–40-இல் பேர்லினின் எரிக்சன் உலகின் எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்த மாதிரிகளை வைத்துப் பெரிய நூலொன்றை முடித்தார். இவர்கள் எல்லோருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: சிறகு குட்டையா? குட்டை என்றால் உள்ளே, நீளம் என்றால் வெளியே. கண்ணுக்குத் தெரிந்த ஒரு அடையாளத்தை வைத்து இழுத்த வேலி அது. அது நூற்றைம்பது ஆண்டுக்கும் மேல் பெரிதாக அசையவில்லை.

இந்தக் கதைக்குள் இலங்கை வருவது 1859-இல். அந்த ஆண்டு பேர்லினில் குஸ்டாவ் கிராற்ஸ் என்பவர் கிழக்கிந்தியாவின், குறிப்பாக இலங்கைத் தீவின் குட்டைச்சிறகு வண்டுகள் பற்றி ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டார். அவருக்கு இங்கிருந்து வண்டுகளை அனுப்பியவர் நீட்னர் என்ற ஜேர்மன் கோப்பித் தோட்டக்காரர். கோப்பிச் செடியின் எதிரிப் பூச்சிகள் பற்றி 1861-இல் ஒரு நூலும் எழுதியவர் அவர். அது மலைநாட்டில் காடு வெட்டிக் கோப்பி நட்ட காலம். தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மரம் தறித்து, கட்டை புரட்டி, சருகு ஒதுக்கிய காலம். அந்தச் சருகுக்குள்தானே இந்த வண்டுகள் இருந்தன? அவர்கள் கண்ணில் இவை படாமல் இருந்திருக்க முடியாது என்று நாங்கள் நினைக்கிறோம். அவர்கள் இவற்றை என்ன பெயரில் அழைத்தார்கள் என்று கேட்டு எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு வந்தவர் மல்கம் கமரன், பிரித்தானியக் கடற்படை வைத்தியர். டேராடூன் வன ஆய்வு நிலையத்திலும் வேலை செய்தவர். பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள் என்ற நூல்வரிசையில் இலங்கையையும் பர்மாவையும் சேர்த்து இந்தக் குடும்பத்துக்கு 1930 முதல் 1939 வரை நான்கு தொகுதிகள் எழுதினார். வாழ்நாளில் 4000-க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்தார். ஒஸ்திரியாவில் சட்டத்துறையில் வேலை பார்த்த பேர்ன்ஹவர் ஓய்வு நேரத்தில் 5000-க்கும் மேல் வைத்தார். நொத்தாரிசு வேலை செய்துகொண்டே!

இவ்வளவு பேர் உழைத்தும் பெட்டிக்குள் உறங்கிப்போனவை ஏராளம். சார்ள்ஸ் டார்வின் 1832-இல் ஆர்ஜென்ரீனாவின் பாகியா பிளாங்காவில் ஒரு குட்டைச்சிறகு வண்டைப் பிடித்தார். லண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலைக்குப் போய்ச் சேர்ந்த அது, பெயர் இல்லாமலே கிடந்தது. ஸ்டைலியானோஸ் சட்ஸிமனோலிஸ் என்ற ஆய்வாளர் இரவல் வாங்கிய மாதிரிகளுக்குள் அதைக் கண்டு, டார்வினிலஸ் என்று 2014-இல் பெயர் வைத்தார். டார்வின் பிடித்த வண்டுக்கே 182 ஆண்டு காத்திருப்பு என்றால் மற்றதுகளின் நிலைமையை யோசியுங்கள்.

சரி, வேலி எப்போது அசைந்தது? செலாபிடே என்ற குடும்பம் நீண்டகாலம் தனியாக இருந்தது. சருகுக்குள் வாழும் மிகச் சின்ன வண்டுகள் அவை. சிறகு இவற்றுக்கும் குட்டைதான், ஆனால் வயிறு இறுகி வளையாமல் இருந்ததால் வெளியே நிறுத்தியிருந்தார்கள். சிக்காகோவின் அல்பிரட் நியூட்டனும் மார்கிரட் தேயரும் 1995-இல் குடம்பிகளின் வாய் உறுப்புகள் தொடக்கம் பல உடற்கூறுகளை ஒப்பிட்டு, இவை குட்டைச்சிறகுக் குடும்பத்தின் உள்ளேயே கிளைத்தவை என்று காட்டினார்கள். இன்றைக்கு ஏறத்தாழ 10,000 இனங்களைக் கொண்ட அந்தக் கூட்டம் உள்ளே வந்தது. 2009-இல் ஸ்கிட்மேனிடே வந்தது, அதில் ஏறத்தாழ 5000 இனங்கள். எறும்பு உருவத்தில், முதுகு முழுக்கச் சிறகு மூடிய வண்டுகள் அவை! சிறகு நீளமான இவற்றை முன்பு தனிக் குடும்பமாகவே வைத்திருந்தார்கள். பிணந்தின்னி வண்டுகளான சில்பிடேயையும் மரபணுச் சான்றுகளோடு அண்மைய ஆண்டுகளில் உள்ளே சேர்த்துவிட்டார்கள். எண்ணிக்கையில் இருநூறுக்கும் குறைவு, ஆனால் உருவத்தில் பெரியவை, பழைய அறிஞர்கள் எல்லோரும் தனிக் குடும்பமாக மதித்தவை.

இதில் தோற்றது யார் என்று கேட்டால், யாரும் இல்லை. லத்ரேயும் எரிக்சனும் தங்களிடம் இருந்த கண்ணாடியால் பார்த்ததைச் சரியாகத்தான் எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் குடம்பியைப் பார்த்தார்கள், பிறகு மரபணுவைப் பார்த்தார்கள். "வெளியே" என்று ஒதுக்கியவை உண்மையில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று தெரிந்தபோது வேலியைப் பிடுங்கினார்கள். ஒரு நூற்றாண்டாய் அப்படித்தான் இருந்தது என்பதற்காக அதை வைத்துக்கொள்ளவில்லை.

இப்ப அந்தச் "சாதி" என்ற சொல்லுக்கு வருவோம். வண்டுக்கு மனிதன் வைத்த சாதி, ஆதாரம் வந்தவுடன் மாறுகிறது. மனிதனுக்கு மனிதன் வைத்த சாதிக்கு ஆதாரம் ஒருநாளும் இருந்ததில்லை, ஆனாலும் எங்கட ஊர்களில் கலியாணப் பேச்சிலும் கோயில் உரிமையிலும் அது அப்படியே நிற்கிறது. பாடப்புத்தகத்தில் இரண்டையும் ஒரே சொல்லால் படிச்ச நாங்கள், முதலாவதின் கதையை இரண்டாவதுக்கு எடுத்துச் சொல்லலாமே என்று தோன்றுகிறது. குறைந்தது அந்தக் கலைச்சொல்லையாவது மாற்றலாம்.

கிராற்ஸின் சேகரிப்பு இன்றைக்கு ஜேர்மனியின் முன்செபேர்க்கில் இருக்கிறது, கமரனுடையது லண்டனில். எங்கட மலைச் சருகில் பிடித்த வண்டின் மூல மாதிரியோடு ஒப்பிட வேண்டுமென்றால் அங்கேதான் கேட்க வேண்டும். அவற்றின் படங்களும் பழைய நூல்களும் இணையத்தில் வரத் தொடங்கியிருப்பது ஒரு வழி. ஆனால் சருகும் வயலும் இங்கே இருக்கின்றன. எந்த மாதம், எந்த வயல், எந்த வெளிச்சத்துக்கு எது வருகிறது என்று எழுதிவைக்க நூதனசாலை தேவையில்லை, ஒரு கொப்பியும் கைபேசியும் போதும். எங்கட அம்மம்மாமார் இந்தப் பூச்சிகளை என்னவென்று சொல்லுவினம் என்று கேட்டு எழுதுவதையும் அதோடு சேர்த்துச் செய்யலாம். நீட்னரின் காலத்தில் யாரும் செய்யாமல் விட்ட வேலை அது.

அடுத்த மாரியில் அந்தச் செம்மஞ்சள் வண்டு கொப்பியில் விழுந்தால் நசுக்க வேண்டாம். ஊதிவிடுங்கள், அல்லது ஒரு கடதாசியில் ஏற்றி வெளியே விடுங்கள். தோலில் நசுங்கிவிட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் வைக்காதீர்கள். வெளியே விட முதல் ஒரு படம் எடுங்கள். முதுகில் அந்தக் குட்டைச் சிறகு எந்த இடத்தில் முடிகிறது என்று பாருங்கள். பிறகு அம்மம்மாவிடம் காட்டி, "இதுதான், சிலந்தி இல்லை" என்று சொல்லுங்கள்.