சாவியைக் கொடுத்தவர்கள்

பின்லாந்து தேசத்தின் தலைநகரமான ஹெல்சிங்கியில் ஜனவரி மாதம் என்பது மனிதர்கள் வெளியே போவதற்கென்று ஏற்பட்ட மாதம் அல்ல. சூரிய பகவான் ஆறு மணி நேரம் கடமைக்காகத் தலைகாட்டிவிட்டு மறைந்துவிடுவார். 1991-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி, அப்படிப்பட்ட குளிரிலே லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். ரொக்கமாகக் கொடுக்க வழியில்லை. மூன்று வருஷத் தவணை. 386 என்ற ரகம். அதன் ஞாபகசக்தி நான்கு மெகாபைட். இன்று நம் வீட்டுப் பையன் பாட்டியிடமிருந்து பிடுங்கி விளையாடுகிற கைபேசியில் அதைப்போல் ஆயிரம் மடங்கு இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

கம்ப்யூட்டரோடு வந்த ஆபரேட்டிங் சிஸ்டம் அவருக்குப் பிடிக்கவில்லை. அவர் மனத்தைக் கவர்ந்திருந்தது மினிக்ஸ் என்பது. ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டானன்பாம் என்ற பேராசிரியர் மாணவர்களுக்குப் பாடம் சொல்லுவதற்காகவே 1987-ல் அதை எழுதி, ஒரு புத்தகத்தோடு சேர்த்து வெளியிட்டிருந்தார். லினஸ் பணம் அனுப்பி, ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்து, அது பதினாறு பிளாப்பித் தட்டுகளாக வந்து சேர்ந்ததும் ஒவ்வொன்றாகச் செருகி ஏற்றினார்.

'ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறீரே, அது என்ன ஐயா?' என்று கேட்கும் வாசகர்களும் இருப்பார்கள். கதை எழுதுகிற எனக்குத் தெரிந்த மாதிரி சொல்லுகிறேன். ஒரு கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல்காரர்கள் ஒரு பக்கம், நாதஸ்வரக் கோஷ்டி ஒரு பக்கம், புரோகிதர் ஒரு பக்கம், வாழையிலைக் கட்டோடு வண்டிக்காரன் ஒரு பக்கம். இத்தனை பேரும் ஒருவர் காலை ஒருவர் மிதிக்காமல், யாருக்கு எப்போது எது வேண்டுமோ அதை எடுத்துக் கொடுத்து நடத்தி வைக்கிற காரியஸ்தர் ஒருவர் இருப்பார். உக்கிராண அறையின் சாவி அவர் இடுப்பில் தொங்கும். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் அந்தக் காரியஸ்தர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். உக்கிராணம்தான் ஹார்ட் டிஸ்க். நம் கடிதங்கள், கணக்குகள், குழந்தையின் போட்டோ, பாதி எழுதிய நாவல் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. புதிதாக ஒரு சிஸ்டத்தை ஏற்றிப் பார்ப்பது என்றால், முன்பின் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, முகூர்த்த நேரத்தில் சாவிக்கொத்தை அவர் கையில் கொடுப்பதற்குச் சமானம்.

அப்படிக் கொடுத்தவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. லினஸ் டோர்வால்ட்ஸின் பெயரை உலகம் அறியும். 'புதுசு என்றால் பறக்கிற பைத்தியங்கள்' என்று வீட்டாரிடம் வசவு வாங்கிக்கொண்டு அவருடைய சரக்கை முதன்முதலில் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

லினஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதப்போகிறேன் என்று சபதம் செய்து உட்காரவில்லை. சர்வகலாசாலைக் கம்ப்யூட்டரோடு தொலைபேசி மூலம் தொடர்பு கொள்வதற்குச் சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினார். அங்கிருந்து எதையாவது கொண்டுவந்தால் வைத்துக்கொள்ள இடம் வேண்டுமே. ஆகவே டிஸ்க்கில் எழுதும் வித்தையைச் சேர்த்தார். எழுதியதை ஒழுங்காக அடுக்க வேண்டுமே, அதையும் சேர்த்தார். திண்ணைக்கு ஒரு கூரை போடப்போய் மாடி வீடு எழும்பின கதைதான். 1991 ஆகஸ்டு 25-ந் தேதி, மினிக்ஸ் அன்பர்கள் கடிதம் எழுதிக்கொள்ளும் பொது இடத்தில் ஓர் அறிவிப்புப் போட்டார். இது ஒரு பொழுதுபோக்குத்தான், பெரிதாக வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டு, தம்மிடம் இருக்கிற ரக ஹார்ட் டிஸ்க்கைத் தவிர வேறெதிலும் இது ஓடாது போலிருக்கிறது, ஏனென்றால் தம்மிடம் இருப்பது அவ்வளவுதான் என்றும் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் என் கண் நின்றுவிட்டது. அவரிடம் இருந்தது ஒரே ஒரு யந்திரம், அதுவும் தவணை தீராத யந்திரம். அதில் ஓடுகிறது என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது. எவ்வளவு பெரிய மேதையானாலும் தெரிந்துகொள்ள மார்க்கம் இல்லை. அடுத்த ஊர்க்காரர் வேறு டிஸ்க்கோடும் வேறு திரையோடும் அதை ஏற்றிப் பார்த்து, இங்கே நின்றுபோய்விட்டது என்று எழுதினால் ஒழிய அது வளர முடியாது.

செப்டம்பர் மாதம் 0.01 என்று எண்ணிட்டு முதல் பதிப்பு வெளியாயிற்று. சுமார் 10,000 வரிகள். லினஸ் அதற்கு 'பிரீக்ஸ்' என்று நாமகரணம் செய்ய நினைத்திருந்தார். அதைப் பிறர் எடுத்துக்கொள்ளும்படி வைக்க இடம் கொடுத்த ஆரி லெம்கே என்பவருக்கு அந்தப் பெயர் பிடிக்காமல், 'லினக்ஸ்' என்று அந்த அறைக்குப் பெயர் எழுதிவிட்டார். பிள்ளையைப் பெற்றவர் ஒருவர், பெயர் வைத்தவர் ஒருவர். நம் ஊரிலும் உண்டு.

அந்த முதல் பதிப்பை ஏற்றுவது லேசான காரியமா? தனியாக அது எழுந்திருக்காது; மினிக்ஸ் முன்னமே இருந்தால்தான் அதன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். விசைப்பலகை பின்லாந்து பாஷைக்கு ஏற்ப அமைந்திருந்தது. அமெரிக்காக்காரர் தமக்கு வேண்டியபடி மாற்றி எழுதிக்கொண்டாலொழிய, ஒன்றை அழுத்தினால் வேறொன்று வரும். பின்னால் வந்த பதிப்புகள் இரண்டு பிளாப்பிகளாகக் கிடைத்தன. முதலாவது எழுப்புவதற்கு, இரண்டாவது அடிப்படைச் சாமான்களுக்கு. பிளாப்பி இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே அதை நடத்த ஆசைப்பட்டால், முதல் பிளாப்பியில் குறிப்பிட்ட ஓர் இடத்திலுள்ள இரண்டு எண்களைக் கையாலேயே மாற்ற வேண்டும். ஓர் எண் தவறினால் உக்கிராணத்தின் வேறு கதவு திறந்துகொள்ளும்.

அப்படித் திறந்துகொண்டது லினஸுக்கே நேர்ந்தது. அந்த வருஷக் கடைசியில் ஒருநாள், சர்வகலாசாலைக்குத் தொலைபேசி எண்ணைச் சுழற்றச் சொல்லி மோடத்துக்கு அனுப்ப வேண்டிய கட்டளையைக் கைதவறி ஹார்ட் டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டார். மினிக்ஸ் இருந்த பகுதி பாழாயிற்று. திரும்பவும் பதினாறு பிளாப்பிகளையும் எடுத்து உட்கார்ந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பழைய காரியஸ்தர் போனது போனதுதான் என்று, அன்றுமுதல் தம்முடைய லினக்ஸையே முழுக்க நம்பி வாழத் தொடங்கினார். தன் சமையலைத் தானே மூன்று வேளையும் சாப்பிடும்படி ஆனால்தான் சமையல்காரனுக்கு உப்பின் அளவு தெரியும் என்பார் என் பாட்டனார்.

அதே சமயத்தில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் எழுதினார். அவருடைய யந்திரத்தின் ஞாபகசக்தி இரண்டே மெகாபைட். லினக்ஸை அவர் தம் யந்திரத்திலேயே உருவாக்கிப் பார்க்க விரும்பினார், இடம் போதவில்லை. லினஸிடம் நான்கு மெகாபைட் இருந்ததால் அந்தச் சங்கடத்தை அவர் அனுபவித்ததில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, ஞாபகசக்தி போதாதபோது கொஞ்சத்தை டிஸ்க்கில் ஒதுக்கி வைத்து மறுபடி எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை எழுதினார். 1992 ஜனவரியில் 0.12 பதிப்பில் அது வந்தது. மினிக்ஸில் அந்த வசதி கிடையாது. மினிக்ஸ்காரர்கள் பலர் இந்தப் பக்கம் திரும்பியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். இரண்டு மெகாபைட் ஏழை ஒருவர் கேட்டதால் வந்தது!

தொடர்கதை எழுதிப் பழகினவனுக்கு இது புதிதாகத் தோன்றாது. முடிவு இன்னதென்று தெரியாமல் முதல் அத்தியாயத்தை அச்சுக்குக் கொடுப்போம். மூன்றாம் வாரம் அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகி, 'கதாநாயகியின் அத்தை எங்கே போனாள்?' என்று கார்டு போடுவார். அத்தையை அப்போதுதான் தேடத் தொடங்குவோம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. என் கதை உதவாமற்போனால் வாசகிக்கு அரைமணி நேரம் நஷ்டம். புதுப் பதிப்பு உதவாமற்போனால் அந்த ஜெர்மானியருக்கு டிஸ்க்கில் இருந்ததெல்லாம் நஷ்டம்.

பணம் அனுப்பட்டுமா என்று சிலர் கேட்டபோது, வேண்டாம், உங்கள் ஊர்ப் படம் போட்ட அஞ்சலட்டை அனுப்புங்கள் என்றார் லினஸ். நியூஜிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அஞ்சலட்டைகள் ஹெல்சிங்கிக்கு வந்தன. பிற்பாடு பீட்டர் ஆன்வின் என்ற அன்பர் முன்னின்று உபயோகிப்பவர்களிடம் வசூல் செய்ததில், அந்தக் கம்ப்யூட்டரின் தவணைக் கடனும் தீர்ந்தது.

1994 மார்ச் 14-ந் தேதி 1.0 பதிப்பு வெளியானபோது 10,000 வரி சுமார் 1,76,000 வரியாக வளர்ந்திருந்தது. அதற்குள் வேறு ஒரு ஜாதி மனிதர்களும் தோன்றிவிட்டார்கள். லினக்ஸை மற்ற சாமான்களோடு மூட்டையாகக் கட்டிக் கொடுப்பவர்கள். 1992-ல் வந்த எஸ்.எல்.எஸ். என்ற மூட்டை பிரபலமாயிற்று, ஓட்டைகளும் பிரபலமாயின. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்து மாணவர் பாட்ரிக் வோல்கர்டிங் தம் பேராசிரியருக்காக அதைத் தைத்துத் தைத்து, 1993 ஜூலையில் 'ஸ்லாக்வேர்' என்று தனியாக வெளியிட்டார். இருபத்துச் சொச்சம் பிளாப்பிகள். பத்தொன்பதாவது பிளாப்பியில் கீறல் என்று தெரிந்தால், முந்தின பதினெட்டையும் பொறுமையாகச் செருகின மனிதரின் முகத்தை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

அடுத்த மாதமே இயான் மர்டாக் என்ற இன்னொரு மாணவர், அதே ஓட்டைகளில் சலித்துப்போய் 'டெபியன்' என்பதைத் தொடங்கினார். காதலி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் சேர்த்துக் கட்டிய பெயர். பிற்காலத்தில் அவர்கள் மணந்து, பிரிந்தும் போனார்கள். 2015-ல் மர்டாக்கும் காலமானார். பெயர் மட்டும் பிரியாமல் இருக்கிறது. டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' என்ற பொம்மைப் படங்களின் பாத்திரங்களைப் பெயராக வைப்பது வழக்கம். இன்னும் சோதித்து முடியாத, நாள்தோறும் மாறிக்கொண்டிருக்கும் பதிப்புக்கு மட்டும் நிரந்தரமாக ஒரே பெயர்: சிட். படத்தில் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு பொம்மைகளையெல்லாம் உடைக்கிற பையன் அவன். இதைவிட நாணயமான எச்சரிக்கையை எந்தக் கடைப் பலகையிலும் நான் பார்த்ததில்லை.

லினக்ஸிலும் ஓர் ஏற்பாடு இருந்தது. பதிப்பு எண்ணின் நடு இலக்கம் ஒற்றைப்படையானால் துணிந்தவர்களுக்கு, இரட்டைப்படையானால் குடும்பஸ்தர்களுக்கு. 2.3 என்றால் உஷார், 2.4 என்றால் நிம்மதி. ஆனால் 2001-ம் வருஷத்தில் அந்த நிம்மதி இரண்டு தடவை குலைந்தது. அக்டோபரில் வெளிவந்த 2.4.11-ல் ஒரு கோளாறு. இரண்டொரு நாளில் 2.4.12 வந்தது. நவம்பரில் வந்த 2.4.15 இன்னும் மோசம். டிஸ்க்கைக் கழற்றிவிடும் சமயத்தில் அதிலுள்ள அடுக்கைக் கலைத்துவிடக் கூடியதாக இருந்தது. சில நாட்களில் 2.4.16 வந்து காப்பாற்றியது. யார் கண்டுபிடித்தார்கள்? வந்த உடனே ஏற்றியவர்கள்தான். ஒரு வாரம் பொறுத்திருந்த புத்திசாலிகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. 2.4.11-ஐ யாரும் மறைத்துவிடவில்லை. பெயரோடு 'உபயோகிக்காதே' என்ற வார்த்தையை ஒட்டி, பழைய பதிப்புகளின் வரிசையிலேயே வைத்துவிட்டார்கள்.

சாவியைக் கொடுக்காமலே காரியஸ்தரின் சாமர்த்தியத்தைப் பார்க்கும் வழி அப்புறம் பரவிற்று. 2000-ல் ஜெர்மனியில் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட 'நாப்பிக்ஸ்', ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் ஸி.டி.யிலிருந்தே ஓடிற்று. தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த மார்க் ஷட்டில்வொர்த் டெபியனை அடிப்படையாகக் கொண்டு தொடங்கிய 'உபுண்டு' 2004 அக்டோபரில் 4.10 என்ற எண்ணோடு வந்தது. வருஷமும் மாதமும்தான் எண். கேட்டவர்களுக்கெல்லாம் தபால் செலவு கூட வாங்காமல் ஸி.டி. அனுப்பினார்கள்.

கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகை அச்சிடுகிற என் சிநேகிதர் ஒருவருக்கு அவை அட்டை உறையில் வந்து சேரும். அவருக்கு ஸி.டி.யிலிருந்து ஓட்டிப் பார்ப்பதில் திருப்தி கிடையாது. கடையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இதற்கென்றே இருந்தது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் புதுப் பதிப்பு வரும். வந்த அன்றே ஏற்றுவார். ஏற்றி முடிந்ததும் முதல் வேலை, 'ஸ்ரீ' என்று ஓர் எழுத்து அடிப்பது. பிறகு 'கொ'. கொம்பு சரியான பக்கத்தில் நிற்கிறதா, கால் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பார்.

"முகூர்த்த நாள் நெருக்கத்தில் இது என்னங்க விஷப்பரீட்சை? நாலு பேர் போட்டுப் பார்த்தப்புறம் போட்டால் ஆகாதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அந்த நாலு பேரும் 'ஸ்ரீ' போட்டுப் பார்ப்பாங்களா, சொல்லுங்க! இங்கே எழுத்து உடையுதுன்னு தென்னாப்பிரிக்காக்காரருக்கு யார் எழுதறது?" என்றார்.

அவர் எழுதவும் எழுதினார். இலக்கணப் பிழையோடு கூடிய இங்கிலீஷில், உடைந்த எழுத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினார். பதில் வந்ததா என்று கேட்டதற்கு, "அடுத்த பதிப்பிலே பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பழையபடி கல்யாணப் பத்திரிகையில் பெண் வீட்டாரின் பெயர்களைத் திருத்தப் போய்விட்டார்.

2011-ல் இலவச ஸி.டி. அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். சிநேகிதர் இப்போது இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்கிறார். பழைய ஸி.டி.களைக் கயிற்றில் கோத்து, அவர் மனைவி மாடியில் காய்கிற வடகத்துக்குக் காக்காய் வராமலிருக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். அட்டை உறைகளை மட்டும் வருஷவாரியாக அடுக்கிக் கடை அலமாரியில் வைத்திருக்கிறார் சிநேகிதர். எந்தப் பதிப்பில் 'ஸ்ரீ' உடைந்தது, எதில் சரியாக வந்தது என்று ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் குறித்திருக்கிறது.